சரிவு நிலத்தில் வேலிக்கால் நேராக நட

மேடு பள்ளமான கேரட் தோட்டத்துக்கு வேலி போடக் கயிறு வேண்டாம், கண் போதும். இரண்டு முனையிலும் ஒவ்வொரு கால் நட்டு, முதல் காலுக்கு நாலு அடி பின்னால், கடைசிக் கால் அதன் பின்னே மறையும்படி நில்லுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நடுக்கால்களை இன்னொருவர் இடம் வலம் நகர்த்தட்டும். எதுவும் பக்கவாட்டில் துருத்தாமல் ஒளிந்துகொண்டால் சரி.

கோத்தகிரிப் பக்கச் சரிவுகளில் கால்களின் அடிப்புள்ளிகள் ஒரு கோடமைப் புள்ளிகளாக, அதாவது ஒரே நேர்கோட்டில், இருக்காது. ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். கயிறு மேட்டில் உரசி விலகுவது அதனால்தான். ஆனால் இப்படி வரிசை பார்த்து, தூக்குக்குண்டு (நூலில் தொங்கும் எடை) பிடித்துச் செங்குத்தாக நட்ட கால்கள் எல்லாம் ஒரே செங்குத்துத் தளத்தில் நிற்கும். உங்கள் கண்ணும் அதே தளத்தில் இருப்பதால் ஒன்றை ஒன்று மறைக்கிறது. (இரண்டு கால் எப்போதும் நேர்தான், மூன்றாவதில்தான் வம்பு.) பக்கவாட்டில் சாய்ந்த கால் இருந்தால் அதன் தலை மட்டும் எட்டிப் பார்க்கும்.

நடுவில் மேடு உயர்ந்து மறுமுனையை மறைத்தால் இது உதவாது. மேட்டு உச்சியில் ஒரு கால் நட்டு, இரண்டு பகுதியாகப் பாருங்கள்; ஒவ்வொரு பகுதியும் நேராக வரும், ஆனால் உச்சியில் வேலி சற்று மடங்கக்கூடும். மூடுபனி இறங்கினால் வேலையை நிறுத்திவிடுங்கள். மலையை ஒட்டி வளைந்து போகும் படிவரப்புக்கும் பொருந்தாது, அது வளைந்தே இருக்க வேண்டியது.