மாநகர் மன்றத்து பழைய ரெக்கார்டு ஸ்டோரேஜை மாத்தப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

முனிசிபல் ஆபிஸ்ல கிடக்கிற பழைய ஃபைல் யாருக்கு வேணும்னு கேக்கிறவங்க ஒரு தடவை பழைய வீடு வாங்கிப் பார்க்கணும். 2007 ஏப்ரலுக்கு முன்னாடி நம்ம மலேசியாவுல ஒரு கட்டடத்துல குடியேறலாம்னு சிஎஃப்ங்கிற சான்றிதழைக் குடுத்தது உள்ளூராட்சி மன்றம்தான், அதுக்கப்புறம்தான் ஆர்க்கிடெக்ட், இஞ்சினியர் கையெழுத்துல சிசிசிங்கிற நிறைவுச் சான்றிதழ் வந்துச்சு. அப்போ ஜெலுத்தோங்லயோ மாக் மண்டின்லயோ 1980கள்ல கட்டின ஒரு வீட்டுக்கு அப்ரூவ் ஆன பிளான் காப்பியும் சிஎஃப் காப்பியும் வேணும், வீட்டுக்காரர் கையிலயும் இல்லன்னா, மாநகர் மன்றத்து ஸ்டோரைத்தான் போய்க் கேக்கணும். அங்க "சிஸ்டம் மாத்தினப்ப போயிடுச்சு"ன்னு சொல்லிட்டா, பின்பக்கம் கிச்சனை இழுத்துக் கட்டுறதுக்குக் கூட அந்தக் குடும்பம் மாசக்கணக்கா அலையணும். அதனாலதான் இதை எழுதுறேன். பினாங்குல ஸ்டோரேஜ் வேலையில இருக்கிறவன்ங்கிறதால தீவு, பெருநிலம்னு ரெண்டு பக்கமும் இது எப்படி நடக்குதுன்னு கிட்ட இருந்து பார்த்திருக்கேன், ஆபிஸ் பேர் எதுவும் சொல்லப் போறதில்ல.

எல்லா தப்புக்கும் வேர் ஒண்ணுதான், புது ஸ்டோரேஜ் பெட்டிக்கு கொட்டேஷன் கேக்கிறதுல இருந்து வேலையை ஆரம்பிக்கிறாங்க. எத்தனை டெராபைட், எத்தனை வருஷ வாரண்டி, ரேக்ல எவ்வளவு இடம் பிடிக்கும், இதெல்லாம் முதல் மீட்டிங்லயே பேசி முடிச்சிடுறாங்க, ஆனா உள்ள என்னதான் இருக்குன்னு யாரும் உக்காந்து எழுதல. வேல்யூவேஷன் டிபார்ட்மெண்ட்ல ஒரு பழைய விண்டோஸ் சர்வர் 2008 இன்னும் ஓடிக்கிட்டிருக்கும், மைக்ரோசாஃப்ட் அதுக்கு சப்போர்ட்டை 2020 ஜனவரிலயே நிறுத்தியாச்சு. லைசென்சிங்ல ஒரு பீரோ நிறைய மார்க்கர்ல தேதி எழுதின சிடி. பில்டிங்ல யாரோ சொந்தமா வாங்கி வச்ச எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். இதுல எது எங்க இருக்குன்னு முழுசா தெரிஞ்சவர் அனேகமா ஒரே ஒரு சீனியர் கிராணியா இருப்பாரு, அவருக்கும் 60 வயசுல கட்டாய ஓய்வு. அவர் போறதுக்கு முன்னாடி அவர் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உக்காந்து, ஒவ்வொரு டிபார்ட்மெண்டா, எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும், எந்த மீடியா, எந்த சாஃப்ட்வேர்ல திறக்கும்னு ஒரு லிஸ்ட் போடுங்க. அந்த லிஸ்ட் இல்லாம கேட்ட கொட்டேஷன்ல வர்ற நம்பர் எல்லாமே குத்துமதிப்புதான்.

அடுத்தது டேப். பெரிய காசு இங்கதான் வீணாகுது, கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். 2010லிருந்து 2014 வரைக்கும் பேக்கப் எடுத்த பல ஆபிஸ்ங்க கிட்ட எல்டிஓங்கிற பேக்கப் டேப் வகையில அஞ்சாவது, ஆறாவது தலைமுறை, அதாவது எல்டிஓ-5, எல்டிஓ-6 டேப் பெட்டி பெட்டியா இருக்கும், எல்டிஓ-5 ஒரு கேசட்டுக்கு 1.5 டெராபைட். இப்ப அப்கிரேடுன்னு சொல்லி 2021ல வந்த எல்டிஓ-9 டிரைவ் வாங்குறாங்க, ஒரு கேசட்டுல 18 டெராபைட் போகும், நல்ல சாமான்தான், ஆனா அது பழைய டேப்பை தொடக்கூட தொடாது. எல்டிஓ-7 வரைக்கும் ஒரு டிரைவ் தனக்கு ரெண்டு தலைமுறை பின்னாடி இருக்கிற டேப்பையும் படிக்கும், 8லயும் 9லயும் அது ஒரு தலைமுறையா குறைஞ்சிடுச்சு, எல்டிஓ-10க்கு தன்னோட டேப்பைத் தவிர வேற எதுவும் ஆகாது. அப்போ எல்டிஓ-5ஐ படிக்க உங்களுக்கு 5, 6, 7 இந்த மூணுல ஒரு டிரைவ் வேணும். அந்தப் பழைய டிரைவைத்தான் "புதுசு வந்தாச்சே"ன்னு முதல் வாரத்துலயே தூக்கிப் போட்டுடுறாங்க! டிரைவ் மட்டும் இருந்தாலும் போதாது, அதை சர்வர்ல மாட்டுற கார்டு, கேபிள், அந்த டேப்பை எழுதின பேக்கப் சாஃப்ட்வேர், அதோட லைசென்ஸ், எந்த டேப்ல எந்த ஃபைல்னு சொல்ற கேட்டலாக், இவ்வளவும் வேணும். கேட்டலாக் போயிடுச்சுன்னா ஒவ்வொரு டேப்பையும் தலையில இருந்து கடைசி வரைக்கும் ஓட்டித்தான் கண்டுபிடிக்கணும்.

டேப்பை வைக்கிற இடமும் இங்க பெரிய விஷயம். நீண்ட காலத்துக்கு வைக்கிற டேப்புக்கு சுமார் 16ல இருந்து 25 டிகிரி, ஈரப்பதம் 20ல இருந்து 50 சதவீதம் இருக்கணும், பினாங்குல வெளிக்காத்துல ஈரப்பதம் சாதாரணமாவே 80 சதவீதத்துக்குப் பக்கம் நிக்கும். ஆபிஸ் ஏர்கான் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஆஃப், சனி ஞாயிறு முழுசா ஆஃப், திங்கட்கிழமை காலையில திரும்பவும் சில்லுனு ஆன், இந்த மாதிரி ஏறி இறங்குற ரூம்ல பல வருஷம் கிடந்த கேசட்டைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சா, உள்ள டேப் சுத்தியிருக்கிற ஓரத்துல வெள்ளையா தூள் மாதிரி பூஞ்சை தெரியும். அதை அப்படியே டிரைவ்ல போட்டீங்கன்னா டிரைவ் ஹெட்டும் கெட்டுப் போய் அடுத்துப் போடுற நல்ல டேப்புக்கும் ஆபத்து. பூஞ்சை பிடிச்சதைத் தனியா எடுத்து வச்சுட்டு, டேட்டா ரெக்கவரி பண்றவங்க கிட்டதான் குடுக்கணும், பஞ்சு வச்சுத் துடைக்கிற வேலையெல்லாம் வேணாம்.

இப்ப சொல்லப் போறது நம்மாளுங்கள நேரா பாதிக்கிற விஷயம். நம்ம பேர்ல அப்பா பேருக்கு முன்னாடி ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்)னு வரும்ல, நடுவுல அந்தச் சாய்கோடு இருக்கே, கம்ப்யூட்டர் ஃபைல் பேர்ல அது வரவே கூடாது, ஃபோல்டரைப் பிரிக்கிற குறின்னு கம்ப்யூட்டர் அதை எடுத்துக்கும். பழைய சிஸ்டத்துல பேர் டேட்டாபேஸ்ல ஒரு கட்டத்துல இருந்துச்சு, ஸ்கேன் பண்ண ஃபைலுக்கு வெறும் நம்பர்தான், அதனால பிரச்சனை வரல. மாத்தும்போது யாரோ ஒருத்தர் "ஃபைல் பேர்லயே ஆள் பேர் இருந்தா தேட சுலபம்"னு ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன புரோகிராம் எழுதுறாரு, அது லினக்ஸ்ல ஓடுது, "முனியாண்டி ஏ/எல் ராமசாமி"ங்கிறது "முனியாண்டி ஏ"ன்னு ஒரு ஃபோல்டராவும் அதுக்குள்ள "எல் ராமசாமி"ன்னு ஒரு ஃபைலாவும் ரெண்டா உடைஞ்சு போகுது. இல்லன்னா ஸ்கிரிப்ட் எரர் அடிச்சு அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடும், லாக்ல ஒரு வரி விழும், அந்த லாக்கை யாரும் படிக்க மாட்டாங்க. மலாய், சீனப் பேரெல்லாம் ஒழுங்கா வந்திருக்கும், நம்ம பேர் மட்டும் தேடினா கிடைக்காது. யாரும் வேணும்னு பண்ணதில்ல, ஆனா கவுண்டர்ல நிக்கிறவருக்கு ரெக்கார்டு இல்லன்னுதான் பதில் வரும். மன்றத்தோட ரெஃபரன்ஸ் நம்பர்லயும் நிறைய சாய்கோடு இருக்கு, அதுக்கும் இதே கதிதான். ஃபைலுக்குப் பேரா நம்பரையே விட்டுடுங்க, ஆள் பேர், ரெஃபரன்ஸ், நிலத்தோட லோட் நம்பர் எல்லாம் இண்டெக்ஸ்ல பழைய மாதிரியே, ஒரு எழுத்து மாத்தாம இருக்கட்டும்.

இண்டெக்ஸ்னு வந்தா பழைய பேரையும் சேர்த்துதான் வைக்கணும். கிரீன் லேன்னு 1970கள்ல பதிஞ்ச ஃபைல் ஜாலான் மஸ்ஜித் நெகிரின்னு தேடினா வராது, பிட் ஸ்ட்ரீட்டும் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங்கும் அதே மாதிரி. 1972ல மலாய் எழுத்துக்கூட்டு மாறினதால அதுக்கு முந்தின ஃபைல்ல கம்போங்னு இருக்கிறது இப்ப கம்புங். மன்றத்தோட பேரே மாறியிருக்கு, தீவுல 2015லயும் செபராங் பிறையில 2019லயும் மாநகர் ஆச்சு, ரெஃபரன்ஸ் முன்னால இருக்கிற எழுத்தும் கூடவே மாறிடுச்சு. "டேட்டா கிளீனிங்"னு சொல்லி பழைய பேரை எல்லாம் புதுசா மாத்தி எழுதுறாங்க பாருங்க, தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க, பக்கத்துல இன்னொரு கட்டம் போட்டு புதுப் பேரை எழுதுங்க, பழசு அப்படியே இருக்கட்டும்.

காப்பி ஆயிடுச்சுன்னு உடனே பழசை அழிக்கிறது திருத்தவே முடியாத தப்பு. அமெரிக்காவுல டல்லாஸ் நகர நிர்வாகத்துல 2021ல நடந்தது இதுதான், போலீஸோட பழைய ஃபைல்களை கிளவுட்ல இருந்து நகரத்தோட சொந்த சர்வருக்கு மாத்துற வேலையில ஒரு ஐடி ஊழியர் 22 டெராபைட்டை அழிச்சிட்டாரு, 14 டெராபைட் மீட்டாங்க, மிச்சம் சுமார் 8 டெராபைட் போனது போனதுதான், ஒரு கொலை வழக்கு விசாரணையே தள்ளிப் போச்சு. காப்பி பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஃபைலுக்கும் செக்சம் (ஃபைல் உள்ள இருக்கிறதை வச்சுக் கணக்குப் போட்டு எடுக்கிற நம்பர்) எடுத்து வச்சுட்டு, போய்ச் சேர்ந்த பிறகு அங்கேயும் எடுத்து, ரெண்டும் ஒண்ணான்னு பார்க்கணும். ஃபைல் எண்ணிக்கை சரியா இருக்கு, சைஸ் சரியா இருக்குன்னு பார்த்தா மட்டும் போதாது, சைஸ் மாறாமலே உள்ள கெட்டுப் போன ஃபைல் உண்டு. அப்புறம் சட்டம்னு ஒண்ணு இருக்கு. 2003ஆம் வருஷத்து தேசிய ஆவணக் காப்பகச் சட்டம், அதாவது அக்தா 629, அதன்படி அர்கிப் நெகாரா, அதாவது தேசிய ஆவணக் காப்பகத்தோட தலைமை இயக்குநர் அனுமதி இல்லாம அரசாங்க ரெக்கார்டை அழிக்கக் கூடாது, உள்ளூராட்சி மன்றமும் இதுல அடக்கம். ஸ்கேன் பண்ணியாச்சுன்னு காகிதத்தைப் பழைய பேப்பர் லாரியில ஏத்துறதும் இதுல வரும். எதை எத்தனை வருஷம் வைக்கணும்னு ஜடுவால் பெலுப்புசான் ரெக்கோட்னு ரெக்கார்டு அழிக்கிறதுக்கான அட்டவணை இருக்கு, வெண்டர் சொல்றதைக் கேக்காம அதை எடுத்துப் பாருங்க.

சர்வர்ல பல டிஸ்க்கைச் சேர்த்து ஓட்டுற ரெய்டு (RAID) இருக்கு, அதனால பேக்கப் வேணாம்னு இன்னும் சொல்றாங்க. ரெய்டுங்கிறது ஒரு டிஸ்க் செத்தா வேலை நிக்காம இருக்கத்தான், யாராச்சும் அழிச்சாலோ ஃபைலைப் பூட்டிக் காசு கேக்கிற ரான்சம்வேர் வந்தாலோ ரூமே எரிஞ்சாலோ அது ஒண்ணும் பண்ணாது. 2025 செப்டம்பர் 26 தென்கொரியாவுல டேஜோன்ல அரசாங்க டேட்டா சென்டர்ல பழைய பேட்டரிகளை இடம் மாத்துற வேலை நடந்துக்கிட்டிருந்தப்ப தீப்பிடிச்சு, அரசு ஊழியர்கள் வேலை ஃபைலை வைக்கிற ஜி-டிரைவ்ல இருந்த 858 டெராபைட் போயிடுச்சு, ரொம்பப் பெருசுன்னு வெளியில பேக்கப்பே வைக்கல. அவ்வளவு முன்னேறின நாட்டுலயே அந்த கதி. நமக்கு வெள்ளம் வேற இருக்கு, 2017 நவம்பர்ல பினாங்கு பட்ட பாடு யாருக்கும் மறக்காது. ஒரு காப்பி தீவுல, ஒரு காப்பி பெருநிலத்துல, மூணாவது ஒண்ணு நெட்வொர்க்ல மாட்டாம தனியா, சர்வர் ரூம் கண்டிப்பா கீழ்த்தளத்துல வேணாம்.

கிளவுட் பத்தி ரொம்ப பேச வேண்டாம், நல்லதுதான், ஆனா சில கம்பெனிகளோட மலிவான ஆர்க்கைவ் அடுக்குல போட்டா ஒரு ஃபைலைத் திரும்ப எடுக்க 12 மணி நேரம், சில சமயம் 48 மணி நேரம் கூட ஆகும். குறைஞ்சது 180 நாளைக்குக் காசு கட்டணும், வெளிய எடுக்கிறதுக்குத் தனிக் கட்டணம். கவுண்டர்ல தினமும் கேக்கிற பிளானை அங்க வைக்காதீங்க, யாருமே கேக்காத கூடுதல் காப்பிக்கு அது சரி. தெர்ஹாட் (வரையறுக்கப்பட்டது), சுலிட் (ரகசியம்)னு முத்திரை குத்தின ஃபைல் அதுக்குள்ள கலந்து போயிடாம முன்னாடியே பிரிச்சு எடுத்துடணும்.

ஸ்கேன் ஃபார்மட்டும் அப்படித்தான், வெண்டரோட சொந்த ஃபார்மட்னு எதைக் குடுத்தாலும் வேணாம்னு சொல்லுங்க, எல்லா சாஃப்ட்வேரும் திறக்கிற டிஃப் (TIFF) இல்லன்னா பிடிஎஃப்/ஏ (PDF/A) போதும். பெரிய பில்டிங் பிளானை ஏ4 பேப்பருக்கு ஸ்கேன் பண்ற மாதிரி குறைஞ்ச ரெசல்யூஷன்ல பண்ணா அளவு எழுதின சின்ன எழுத்து எல்லாம் கறுப்புப் புள்ளியாயிடும், அந்தப் பிளானை வச்சு எந்த இஞ்சினியரும் ஒண்ணும் பண்ண முடியாது.

கடைசியா காண்ட்ராக்ட். பெரும்பாலும் சாமான் வந்து இறங்கி, பச்சை லைட் எரிஞ்சதும் கையெழுத்துப் போட்டு முழுக் காசும் குடுத்துடுறாங்க. அப்படிப் பண்ணாம, கடைசித் தவணையை ஒரு டெஸ்டோட சேர்த்துக் கட்டுங்க. பழைய ரெஜிஸ்டர் புத்தகத்துல இருந்து கண்ணை மூடிக்கிட்டு ஒரு நூறு ஃபைலை எடுங்க, அதுல 1970கள்ல உள்ளது இருக்கணும், ஏ/எல், ஏ/பி பேர் இருக்கணும், பெயர் மாறின ரோடு இருக்கணும், பெரிய பிளான் இருக்கணும். தேடிக் குடுக்கிறது வெண்டரோட ஆளா இருக்கக் கூடாது, தினமும் கவுண்டர்ல உக்கார்ற ஊழியர்தான் புது சிஸ்டத்துல தேடித் திறந்து பிரிண்ட் எடுத்துக் காட்டணும். நூறும் வரலன்னா, வராத ஒவ்வொண்ணும் ஏன் வரலன்னு எழுத்துல வாங்குங்க, அதைச் சரிபண்ணி மறுபடி வேற நூறை எடுத்துப் பாருங்க, அது வரைக்கும் பழைய டிரைவ், பழைய சர்வர், பழைய காகிதம் எதையும் யாரையும் தொட விடாதீங்க.