தலைப்பில் தமிழ்ச் சொல்லைத் தேடும் மெயில் நிரல்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் பொங்கல் விழாக் குழுவுக்கு ஒரு பொது மெயில்பெட்டி உண்டு. நன்கொடை மெயில்களை மட்டும் பிரித்துத் தரும்படி பொருளாளர் அண்ணாச்சி கேட்டார். பைத்தான் நிரல்மொழியில், மெயில் சேவையகத்தோடு பேச உதவும் ஐமேப்லிப் தொகுதியைக் கொண்டு எழுதினேன். தேதி வடிகட்டல் சட்டென்று வேலை செய்தது. தலைப்பில் 'நன்கொடை' என்று தேடினால் மட்டும் ஆஸ்கி (ஆங்கில எழுத்துகளுக்கான குறியாக்கம்) பிழை.

ஐமேப்லிப் கட்டளை வரியை இயல்பாக ஆஸ்கியில்தான் அனுப்பும். தமிழ் அதற்குள் நுழையாது. சொல்லை, தமிழையும் தாங்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் பைட்டுகளாக்கி, இணைப்பின் 'லிட்டரல்' பண்பில் தனியாக வைக்க வேண்டும். அப்புறம் சர்ச் அழைப்பில் முதலில் யுடிஎஃப்-8, பிறகு தேதி நிபந்தனை, கடைசியில் தலைப்பைக் குறிக்கும் 'சப்ஜெக்ட்'. இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் லிட்டரல் கட்டளையின் வாலில்தான் ஒட்டும். ஒருமுறை அனுப்பியதும் அது காலியாகிவிடும். ஒவ்வொரு தேடலுக்கும் மறுபடி வைக்க வேண்டும். இதைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

தேதியில் மாதம் ஆங்கில மூன்றெழுத்தாக இருக்க வேண்டும். 'இந்த நாளுக்கு முன்' என்று கேட்கும் 'பிஃபோர்' நிபந்தனை, நாம் கொடுக்கும் நாளைச் சேர்க்காது. ஜனவரி 14 வரை வேண்டுமென்றால் 15 என்று கொடுங்கள்.

மெயிலை எடுக்கும்போது 'பாடி.பீக்' பயன்படுத்தினேன். இல்லாவிட்டால் எல்லாம் படித்ததாகக் குறிக்கப்பட்டு, அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொள்வார்.