பாடசாலை மைதானத்தில் விண்வெளி வீரர் பயிற்சி நடத்துவது எப்படி

ஒரு சனிக்கிழமை காலை, ஒரு மைதானம், தரம் 8 முதல் 11 வரையான பிள்ளைகள். இவ்வளவு இருந்தால், விண்வெளி வீரர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்பதை வன்னியின் எந்தப் பாடசாலையிலும் செய்து பார்க்கலாம். பயிற்சி என்றால் தலை சுற்றவைக்கிற இயந்திரம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது கொஞ்சம்தான். ஒரு சின்ன வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதிலும், கூட நிற்பவர் சொல்வதைச் சரியாகக் கேட்பதிலும்தான் அவர்களின் காலம் போகிறது. அதற்கு மைதானம் காணும்.

முதலில் கையுறை. விண்வெளி உடைக்குள் காற்றழுத்தம், வெளியே வெற்றிடம், அதனால் கையுறை ஊதிப் போய் விறைத்து நிற்கும், விரலை மடக்கும் ஒவ்வொரு தடவையும் பலம் கொடுக்க வேண்டும், நகம் கழன்றவர்களும் உண்டு. அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா, ஹூஸ்டன் நகரில் 62 மீட்டர் நீளமும் 12 மீட்டர் ஆழமும் உள்ள தடாகத்துக்குள் விண்வெளி நிலையத்தின் மாதிரியை இறக்கி வைத்து, அதில் வீரர்களை ஆறு மணி நேரம் வரை தொடர்ந்து பழக்குகிறது. எங்களுக்கு ஒரு பெரிய வாளித் தண்ணீர் போதும். மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையில் பழைய நட்டும் போல்ட்டும் கேட்டு வாங்குங்கள், தடித்த கையுறை இரண்டு சோடியை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடச் சொல்லுங்கள், பிறகு தண்ணீருக்குள் பூட்டிக் கழற்ற வேண்டும். ஸ்பானரைக் கயிற்றால் மணிக்கட்டோடு கட்ட மறக்க வேண்டாம். 2008 நவம்பரில் ஒரு விண்நடையின்போது ஒரு கருவிப் பை முழுதாகக் கைநழுவி மிதந்து போய்விட்டது.

கொஞ்ச நேரத்திலேயே விரல் சோர்ந்துவிடும். அவசரப்படுகிற பிள்ளை நட்டை விழுத்தும், ஆறுதலாகச் செய்கிற பிள்ளை முடிக்கும். கண்ணிவெடி அகற்றப் போகிற அம்மாவோ அக்காவோ உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது உடனே விளங்கும், பாரமான கவசத்தோடு அங்குலம் அங்குலமாக நிலம் பார்க்கிறவர்களின் வேலையும் இதே மாதிரித்தான்.

குளத்தில் இறக்கிச் செய்வோமே என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். ஹூஸ்டனில் வீரர்களோடு சுழியோடிகளும் இறங்கி நிற்கிறார்கள், எங்களிடம் அது இல்லை, குளத்தில் முதலை வேறு.

அடுத்தது கயிறு, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 2013 ஜூலை 16 அன்று இத்தாலிய வீரர் லூகா பர்மிதானோ விண்வெளி நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தபோது, குளிரூட்டும் தொகுதியின் தண்ணீர் தலைக்கவசத்துக்குள் கசிந்து கண்ணையும் மூக்கையும் மூடிவிட்டது. பார்வை இல்லை, பேச்சும் சரியாகக் கேட்கவில்லை. உடையோடு பிணைந்திருந்த பாதுகாப்புக் கம்பி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று உணர்ந்து, அதன் வழியே கதவுக்குத் திரும்பினார். கோல் கம்பத்திலிருந்து வகுப்பறைக் கதவு வரை கயிறு கட்டுங்கள், இடையில் இரண்டு மூன்று கதிரைகள் வையுங்கள். கண்கட்டிய பிள்ளை கயிற்றை விடாமல் வர வேண்டும், சோடிப் பிள்ளை குரலால் மட்டும் வழி சொல்ல வேண்டும். கேட்டதைத் திருப்பிச் சொன்ன பிறகே அடுத்த அடி. பாதிவழியில் அந்தக் குரலையும் நிறுத்திப் பாருங்கள்.

அப்புறம் உயிர்பிழைத்தல். 1965 மார்ச்சில் விண்வெளியிலிருந்து திரும்பிய சோவியத் வீரர்கள் லியோனோவும் பெல்யாயேவும் குறி தவறிப் பனிக்காட்டில் இறங்கி இரண்டு இரவு கழித்தார்கள். ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில் போகிறவர்களுக்குக் குளிர்காலக் காட்டில் இதற்கென்றே பயிற்சி உண்டு. நீங்கள் பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிப் போகக் கூடாது, யானையும் உண்டு, இன்னும் கண்ணிவெடி அகற்றாத நிலமும் உண்டு. மரத்தடியில் ஒரு தறப்பாள், கயிறு, ஒரு போத்தல் தண்ணீர், 'கால் முறிந்த' ஒருவர். நிழல் கட்டி அவரைத் தூக்கி வந்து கிடத்த வேண்டும். தறப்பாள் எப்படிக் கட்டுவதென்று முதல் நாளே தாய் தகப்பனிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். அதை அவர்களை விட நன்றாகச் சொல்லித்தர ஆளில்லை.

முடிவில் வட்டமாக இருத்தி, எங்கே பிசகியது என்று ஒவ்வொருவரும் தன் பிழையை முதலில் சொல்லட்டும்.

"நாங்களும் போகலாமா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். உள்ளதைச் சொல்லுங்கள். நாசா அமெரிக்கக் குடியுரிமை கேட்கும். அதோடு விஞ்ஞானம், பொறியியல், கணிதம் போன்ற துறையில் முதுகலைப் பட்டம் கேட்கும், மருத்துவப் பட்டத்தையும் ஏற்கும். ஆகவே உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்தாலும் உயிரியல் எடுத்தாலும் வழி அடைபடாது. மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியத் திட்டமான ககன்யானுக்குத் தெரிவான நால்வரில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர், விமானப்படை விமானி. ஆங்கிலத்தையும் நீச்சலையும் இப்போதே தொடங்கலாம், நாசாவில் உடுப்பும் சப்பாத்தும் போட்டபடியே நீந்திக் காட்ட வேண்டும்.