ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு நாற்பது பக்க நோட்டு

2021 ஜூலையில் பெட்ரோல் நூறைத் தாண்டிய வாரம், எங்கள் பனியன் கம்பெனி ஷெட்டில் எலக்ட்ரிக் வண்டி என்று ஒன்றுதான் நின்றது. அதுவும் முதலாளி மகனுடையது. போன மாதம் எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. மூன்று பேர் ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு டிவிஎஸ் எக்ஸெல் மொபெட் வாங்கியிருக்கிறார்கள். ஒருவர் காரை வீட்டில் நிறுத்திவிட்டு 100 சிசி பைக்கில் வருகிறார். நான் அங்கே கணக்கு எழுதுகிறவள். டீ டைமில் யாராவது வந்து, "அக்கா, வண்டிய மாத்தலாமா வேண்டாமா, கொஞ்சம் போட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்று நிற்பது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வண்டி சீட்டுக்கு அடியில் பேனாவோடு கிடக்கட்டும். உங்கள் வண்டி லிட்டருக்கு எவ்வளவு தருகிறது என்று நீங்களே அளக்க வேண்டும். கம்பெனி சொல்லும் மைலேஜ், மச்சான் சொல்லும் மைலேஜ் இரண்டும் இந்தக் கணக்கில் சேராது.

அளப்பது சுலபம். பங்கில் டேங்கை நிரப்பச் சொல்லுங்கள். கன் தானாக 'டக்' என்று நிற்கும், அதோடு நிறுத்திவிட வேண்டும். பையன் விடமாட்டான். "ரவுண்டாப் போட்டுக்கலாங்களா அக்கா" என்று இன்னும் இரண்டு முறை அழுத்தப் பார்ப்பான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மீட்டரில் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். என் நோட்டின் முதல் வரி 41,276. நான்கைந்து நாள் வழக்கம்போல ஓட்டி, அதே பங்கில், முடிந்தால் அதே கன்னில், மறுபடி நிரப்பினேன். மீட்டரில் 41,453. போட்டது 4.2 லிட்டர். 177 கிலோமீட்டரை 4.2-ஆல் வகுத்தால் 42 சொச்சம். இப்படி மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள், ஒரு தடவை அளந்ததை நம்ப முடியாது. எனக்கு 42, 43, 41 என்று வந்தது.

அஞ்சு வருஷத்துக்கு முன்பே அளந்துவிட்டேன் என்பவர்களும் இப்போது மறுபடி அளக்க வேண்டும். பங்கில் இன்று கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான்.

அடுத்தது, மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்பது. வாயால் சொல்லாதீர்கள், ஒன்றாம் தேதி மீட்டரையும் மறு மாதம் ஒன்றாம் தேதி மீட்டரையும் கழித்துப் பாருங்கள். "நான் ஆயிரத்து ஐநூறு ஓடுவேன்" என்று சத்தியம் செய்த எங்கள் பேக்கிங் செக்‌ஷன் பையனுக்கு வந்தது 640. எனக்கு அவிநாசியைத் தாண்டி வீடு. போக வர 32, ஞாயிற்றுக்கிழமை கோயில், சந்தை எல்லாம் சேர்த்து மாதம் 900.

நான் கணக்கு போட்ட அன்று பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய். 42-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 40 காசு. 900 கிலோமீட்டருக்கு 2,160 ரூபாய்.

இனி எலக்ட்ரிக் பக்கம் வருவோம். ஒரு ஷோரூமில் என்னிடம் "ஒரு சார்ஜுக்கு 150 கிலோமீட்டர் மேடம்" என்றார்கள். பக்கத்தில் நின்ற கஸ்டமர் ஒருவர் வெளியே வந்து, "நிஜத்துல நூறு வந்தாப் பெருசுங்க" என்றார். அவர் சொன்னதுதான் சரி. காகிதத்தில் போடுவது ஐ.டி.சி. ரேஞ்ச், அது சோதனைக்கூடத்தில் எடுத்த எண். பின்னால் ஆள் உட்கார்ந்து, மேம்பாலம் ஏறி இறங்கி ஓட்டினால் அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். எங்கள் ஷெட்டில் நிற்கும் வண்டிகளைக் கேட்டு எழுதிய வகையில், பிளக்கிலிருந்து இழுக்கும் ஒரு யூனிட்டுக்கு 28 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். 900-க்கு 32 யூனிட்.

இதை யூனிட் விலையால் பெருக்கிவிட்டு, "நூறு இருநூறு ரூபாயில் மாதம் முடிந்தது" என்று ஷோரூமில் சொல்வார்கள். நான் அங்கேதான் நிறுத்தச் சொல்வேன். நம் வீட்டு இ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அடுக்கு அடுக்காக ஏறுவது. முதல் நூறு யூனிட் இலவசம். 500 வரைக்கும் ஒரு கணக்கு, தாண்டினால் வேறு கணக்கு. 500-க்கு மேல் போகும் யூனிட் ஒவ்வொன்றும் 8 ரூபாய்க்கு மேல். அது மட்டுமில்லை, நூறிலிருந்து இருநூறு வரைக்குமான யூனிட்டைப் பாதி விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்களே, அந்தச் சலுகையும் போய்விடும். என் வீட்டு அட்டையில் வழக்கமாக 470 யூனிட். வண்டிக்கு இரண்டு மாதத்தில் 64 சேர்ந்தால் 534. ஆக, பில் இரண்டு மாதத்துக்கு 700 ரூபாய் வரை கூடும், மாதம் 350. இதே 64 யூனிட்டை 300 யூனிட் மட்டும் ஓட்டும் வீட்டில் சேர்த்தால் மாதம் 150 ரூபாயில் முடிந்துவிடும். ஷோரூமுக்குப் போகும்போது பழைய இ.பி. ரசீது ஆறு இருந்தால் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கோடையில் ஏசி ஓடுகிற வீடு என்றால் கட்டாயம்.

அப்படியே பார்த்தாலும் எனக்கு மாதம் 1,800 ரூபாய் மிச்சம். பெரிய தொகைதான். ஆனால் அதைச் சம்பாதிக்க எவ்வளவு போட வேண்டும்?

இங்கே இரண்டு விதமான கணக்கு இருக்கிறது, பெரும்பாலானவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, ஓடுகிற வண்டியை விற்றுவிட்டு மாற்றுவது. என் பழைய ஸ்கூட்டருக்கு 28,000 தருவதாகச் சொன்னார்கள். எலக்ட்ரிக் ரோட்டுக்கு வர 1,25,000. கையிலிருந்து போவது 97,000. மாதம் 1,800 மிச்சம் என்றால் 54 மாதம். நாலரை வருடம்! இன்னொன்று, வண்டி செத்துவிட்டது, எப்படியும் புதிது வாங்கியாக வேண்டும் என்ற நிலை. அப்போது பெட்ரோல் ஸ்கூட்டருக்கு எனக்குச் சொன்ன விலை 1,02,000. வித்தியாசம் 23,000 மட்டும். பதின்மூன்றே மாதத்தில் எடுத்துவிடலாம். வண்டி இரண்டிலும் அதேதான், ஆளும் அதே ஆள்தான். பழையது ஓடுகிறதா இல்லையா என்பதில் கணக்கே தலைகீழாகிறது.

"பெட்ரோல் இன்னும் ஏறுமே அக்கா?" என்று கேட்பார்கள். ஏறட்டும், அதையும் போட்டுப் பார்த்தேன். லிட்டர் 120 ஆனாலும் என் 54 மாதம் 44 ஆகக் குறையும், அவ்வளவுதான். ஆனால் விலை 101-லேயே நின்று, நான் மாதம் 1,800 கிலோமீட்டர் ஓடுகிறவளாக இருந்தால் 26 மாதம். பங்கு போர்டில் உள்ள எண்ணைவிட உங்கள் மீட்டரில் உள்ள எண்தான் முக்கியம். தினமும் விலை மாற்றும் முறை 2017 ஜூன் 16-இல் வந்தது, ஆனால் 2022 மே மாதம் வரியைக் குறைத்த பிறகு 2024 மார்ச் வரைக்கும் விலை கிட்டத்தட்ட அசையவே இல்லை. அடுத்த வாரம் ஏறும் என்ற பயத்தில் இந்த வாரம் கடன் போடாதீர்கள்.

என் சித்தப்பா ஒருவர் 2012-இல் அப்படித்தான் ஒரு டீசல் கார் எடுத்தார். அப்போது பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ஊரே டீசல் கார் வாங்கியது. பெட்ரோல் மாடலைவிட ஒரு லட்சம் கூடக் கொடுத்து வாங்கினார். ஓட்டியது? மாதம் 600 கிலோமீட்டர், பாதி கல்யாணத்துக்கு. 2014 அக்டோபரில் டீசல் விலையையும் கட்டுப்பாட்டிலிருந்து விட்டுவிட்டார்கள். இன்றைக்கு வித்தியாசம் எட்டு ஒன்பது ரூபாய். 2020-இல் பிஎஸ் 6 என்ற புகை விதி வந்தபோது மாருதி டீசல் காரையே நிறுத்திவிட்டது. சித்தப்பா போட்ட ஒரு லட்சம் இன்னும் திரும்பவில்லை, அதைப் பற்றி அவரிடம் பேசவும் முடியாது.

மானியமும் வரியும் அப்படித்தான், எப்போது மாறும் என்று சொல்ல முடியாது. 2023 ஜூன் 1 முதல் எலக்ட்ரிக் டூவீலருக்கு மத்திய அரசு மானியம் குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பெட்ரோல் டூவீலருக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 ஆனது, எலக்ட்ரிக்குக்கு அதே 5. போன வருடம் யாரோ போட்ட கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், வாங்கும் வாரத்தில் புதிதாக விலை கேட்டுப் போடுங்கள். இன்ஷூரன்ஸும் கேளுங்கள், தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் எலக்ட்ரிக்குக்கு 15 சதவீதம் தள்ளுபடி உண்டு.

எங்கள் கட்டிங் மாஸ்டர் 2023 மே கடைசியில் முந்திக்கொண்டு எலக்ட்ரிக் எடுத்தார். நாளைக்கு 60 கிலோமீட்டர் ஓடுகிறவர், கணக்கு எல்லாம் பொருந்தியது. ஆனால் அவர் இருப்பது லைன் வீடு. எட்டு வீட்டுக்கு ஒரே வாசல், வண்டி நிற்பது தண்ணீர்த் தொட்டி பக்கம். முதல் நாள் ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்தார். ஓனரம்மா வந்து, "கரண்டு பில் யாருங்க கட்றது? கொழந்தைக வெளையாடற எடத்துல ஒயர இழுத்துப் போட்டிருக்கீங்க" என்று பிடித்துக்கொண்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஒரு மாதம் மாஸ்டர் கம்பெனியில் சார்ஜ் போட்டு ஓட்டினார், ஞாயிறு விடுமுறை வந்தால் திங்கள் காலை நெஞ்சு அடித்துக்கொள்ளும். கடைசியில் எலக்ட்ரீஷியனை வைத்து, தொட்டிப் பக்கச் சுவரில் மூடி போட்ட 15 ஆம்ப் பாயிண்ட், எர்த், சப் மீட்டர் எல்லாம் தன் செலவில் போட்டார். இப்போது மாதம் ஒன்றாம் தேதி ஓனரம்மாவே சப் மீட்டரைப் பார்த்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொள்கிறார். பத்து ரூபாயிலும் மாஸ்டருக்கு லாபம்தான். வாடகை வீட்டுக்காரர்கள் ஷோரூமில் அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டு ஓனரிடம் பேசிவிடுங்கள், முடிந்தால் வாடகை கொடுக்கும் நாளில்.

செகண்ட் ஹேண்ட் எலக்ட்ரிக் வாங்குகிறவர்கள் வண்டி தயாரான மாதத்தைப் பாருங்கள். 2022-இல் வண்டிகள் தீப்பிடித்த பிறகு ஏஐஎஸ் 156 என்ற பேட்டரி விதிகளை இரண்டு கட்டமாகக் கடுமையாக்கினார்கள், இரண்டாவது கட்டம் 2023 மார்ச் கடைசியில். அதற்குப் பிறகு வந்த வண்டி என்றால் பார்க்கலாம். பேட்டரி வாரண்டி உங்கள் பெயருக்கு மாறுமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

எல்லோருக்கும் எலக்ட்ரிக்தான் விடை என்றில்லை. என் வீட்டுக்காரர் சில நாள் 30 கிலோமீட்டர், சில நாள் பெருந்துறை, தாராபுரம் என்று 140. அவருக்கு 110 சிசி பைக்தான் சரிப்பட்டது. 68 தருகிறது, கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள். பீஸ் கட்டு ஏற்றுகிறவர்களுக்கு நான் எக்ஸெல்லைத்தான் சொல்வேன். முன்னால் இருக்கும் அந்தத் தட்டையான இடத்துக்கு இன்னும் மாற்று வரவில்லை. கார் வைத்திருப்பவர்கள் சிஎன்ஜி கேட்கிறார்கள். சிலிண்டர் டிக்கியில் பாதியைச் சாப்பிட்டுவிடும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டரைச் சோதனை செய்ய வேண்டும். வெளியில் கிட் போட்டால் ஆர்.சி.யில் ஏற்றாமல் ஓட்டாதீர்கள், விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் அங்கேதான் கை வைப்பார்கள்.

நான் என்ன செய்தேன்? வண்டியை மாற்றவில்லை. ஏர் ஃபில்டர் மாற்றி, வாரம் ஒருமுறை காற்றுப் பார்த்து, 42-ஐ 45-க்குக் கொண்டுவந்தேன். வாரத்தில் இரண்டு நாள் டவுன் பஸ். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எட்டு மணி வண்டியைப் பிடித்தால் திருப்பூர் புஷ்பா ஸ்டாப்பில் இறங்கி நடந்துவிடலாம். மாதம் 270 கிலோமீட்டர் குறைகிறது, கிட்டத்தட்ட 600 ரூபாய். ஒரு பைசா முதலீடு இல்லை. ஓவர்டைம் உள்ள நாளில் மட்டும் இது நடக்காது, ராத்திரி பத்து மணிக்கு ஸ்டாப்பில் நிற்க எனக்கு மனசில்லை.

மாற்றுவது என்று முடிவு செய்தவர்கள், பழைய வண்டியைக் கொடுக்கும் அன்றே படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, ஆர்.டி.ஓ.வில் பெயர் மாறுகிறதா என்று கடைசி வரை பாருங்கள். புரோக்கர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்ட என் கொழுந்தனாருக்கு, இரண்டு வருடத்துக்கு முன் விற்ற வண்டி ஹெல்மெட் இல்லாமல் ஓசூரில் சுற்றுவதாக இன்னமும் அபராத மெசேஜ் வந்துகொண்டிருக்கிறது.