பழைய அம்பாசடர் வாங்கப் போகிறீர்களா? முதலில் அது எந்தக் காலத்து வண்டி என்று கண்டுபிடியுங்கள்

ஆர்.சி. புக்கில் இருக்கும் வருஷத்தைப் பார்த்துவிட்டு, அதை வண்டியோடு ஒப்பிடுங்கள். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸை அடிப்படையாக வைத்து இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியில் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் தயாரிக்கத் தொடங்கிய கார் இது, 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும் வரை உடம்பின் வடிவம் பெரிதாக மாறவே இல்லை. அதனால் தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

முன்பக்க கிரில்தான் முதல் துப்பு. அறுபதுகளின் தொடக்கத்தில் வந்த மார்க் 2 என்ற மாடலில் நெருக்கமான சின்னக் கட்டங்கள் இருக்கும். ஆனால் கிரிலை யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம், அதை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள்.

அப்புறம் கியர். பழையவற்றில் ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் லீவர் இருக்கும், எஞ்சின் 1489 சிசி. தொண்ணூறுகளில் வந்த 1800 ஐ.எஸ்.இசட் என்ற மாடலில் ஜப்பானின் இசுசு எஞ்சின், தரையில் ஐந்து கியர். தினமும் ஓட்ட வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுங்கள்.

கடைசியாக, காருக்குள் கால் வைக்கும் இடத்தில் போட்டிருக்கும் விரிப்பைத் தூக்கிவிட்டு தரைத் தகடு முழுவதையும் விரலால் அழுத்திப் பாருங்கள். இந்தக் காருக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, உடம்பேதான் பாரத்தைத் தாங்குகிறது, ஆகவே தரை துருப்பிடித்து மாவாக உதிர்ந்தால் பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பாருங்கள்.