வலிக்கும் நாட்களில் தேவ அன்பைப் பற்றிக்கொள்வது எப்படி

"தேவன் என்னை நேசிக்கிறாரா?" என்ற கேள்வி நல்ல நாட்களில் அவ்வளவாக எழுவதில்லை. மருத்துவமனைக் கட்டிலிலும், அடக்கம் முடிந்து திரும்பிய வீட்டிலும், வேலை போன மாதத்திலும்தான் எழும். அப்படிக் கேட்பது அவிசுவாசம் அல்ல. வேதாகமத்திலுள்ள 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தத் தொனியில் அமைந்த முறையீடுகளே. கேட்பதில் தவறில்லை, விடையை எங்கே தேடுகிறோம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நடந்ததைப் பார்த்து தேவனுடைய மனதைக் கணிக்கிறோம். சுகமானால் நேசிக்கிறார், சுகமாகாவிட்டால் கைவிட்டார் என்று முடிவு கட்டுகிறோம். அந்த வழியில் போனால், அவர் நேசிக்கிறார் என்ற நிச்சயம் ஒருநாளும் நிலைக்காது.

முதலில் இரண்டு கேள்விகளையும் பிரித்துவையுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் "இது ஏன் நடந்தது?" என்று எழுதுங்கள். வலப்பக்கம் "அவர் என்னை நேசிக்கிறாரா?" என்று எழுதுங்கள். மனதில் ஓடுவதையெல்லாம் அந்தந்தப் பக்கத்தில் குறியுங்கள். இடப்பக்கம் சீக்கிரம் நிரம்பும். நிரம்பட்டும்.

இடப்பக்கக் கேள்விக்கு வேதாகமம் பல நேரங்களில் விடை சொல்வதில்லை. யோபு 38 முதல் 41 வரை கர்த்தர் பேசுகிறார். பூமிக்கு அஸ்திபாரம் போட்டதிலிருந்து லிவியாதான் என்ற பெரிய மிருகம் வரை பேசுகிறார். ஆனால் முதல் அதிகாரத்தில் பரலோகத்தில் சாத்தானோடு நடந்த பேச்சை, காரணம் தெரியாமல் எல்லாவற்றையும் இழந்த யோபுவிடம் சொல்லவே இல்லை. பிறவிக் குருடனைக் காட்டி "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் அல்ல, அவனைப் பெற்றவர்களும் அல்ல என்றார் இயேசு (யோவான் 9:3). சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததையும் அவர்களுடைய பாவக் கணக்கில் சேர்க்க அவர் மறுத்தார் (லூக்கா 13:4).

வலப்பக்கக் கேள்விக்கோ தெளிவான விடை உண்டு. அது நம் நிலைமையில் எழுதப்படவில்லை. ஏற்கெனவே நடந்து முடிந்த ஒரு காரியத்தில் எழுதப்பட்டிருக்கிறது. "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே, தேவன் நம்மேல் வைத்த தமது அன்பை விளங்கப்பண்ணுகிறார்" (ரோமர் 5:8). வலப்பக்கத்தின் தலையில் இந்த ஒரு வசனத்தை மட்டும் எழுதிவையுங்கள். இன்றைய பரிசோதனை முடிவு எதுவானாலும் சிலுவை நடக்காததாக மாறிவிடாது.

யோவான் 11:5, 6 ஆகிய இரண்டு வசனங்களையும் சேர்த்துப் படியுங்கள். மார்த்தாளிடத்திலும் அவள் சகோதரியிடத்திலும் லாசருவினிடத்திலும் இயேசு அன்பாயிருந்தார். லாசரு வியாதியாயிருப்பதைக் கேள்விப்பட்டும், இருந்த இடத்திலேயே இன்னும் இரண்டு நாள் தங்கினார். அன்பும் தாமதமும் அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன. அதே அதிகாரத்தின் 35ஆம் வசனத்தில் அவர் அழுகிறார். தாமதித்தவரும் அழுதவரும் ஒருவரே.

முறையிடக் கற்றுக்கொள்ளுங்கள்

நடைமுறையில் மிகுந்த பலன் தருவது இதுதான். ஆனால் சபைகளில் மிகக் குறைவாகக் கற்றுக்கொடுக்கப்படுவதும் இதுதான். 13ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள். மொத்தம் ஆறே வசனங்கள். வாய்விட்டு வாசிக்க ஒரு நிமிடம் போதும். இரண்டிரண்டு வசனங்களாக மூன்று படிகள்.

முதல் இரண்டு வசனங்கள் முறையீடு. "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறான் தாவீது. "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று நேருக்கு நேராகவே கேட்கிறான். மரியாதைக்காகப் பூசி மெழுகவில்லை. அடுத்த இரண்டும் விண்ணப்பம்: நோக்கிப்பாரும், செவிகொடுத்தருளும், என் கண்களைத் தெளிவாக்கும். கடைசி இரண்டும் பற்றிக்கொள்ளுதல்: "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் இடையில் பகைவன் ஒழிந்தான் என்றோ பிரச்சினை தீர்ந்தது என்றோ ஒரு வார்த்தையும் இல்லை. நிலைமை மாறாமலே அவன் கிருபையைப் பிடித்துக்கொள்கிறான்.

நீங்களும் அப்படியே செய்யலாம். தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சங்கீதத்தை ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். பிறகு "கர்த்தாவே, எதுவரைக்கும்…" என்று தொடங்கி உங்கள் சொந்த வரிகளை எழுதுங்கள், நான்குக்குக் குறையாமல். அடுத்து ஒரே ஒரு விண்ணப்பம். இன்றைக்கு வேண்டியது மட்டும். "என்னைக் குணமாக்கும்" என்று கேட்கலாம். "இன்று இரவு நான்கு மணி நேரம் தூக்கம் தாரும்" என்றும் கேட்கலாம். இரண்டாவது வகையைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கடைசியாக ஐந்தாம் வசனத்தை மாற்றாமல் அப்படியே சொல்லுங்கள். உங்கள் உள்ளத்தில் அது இல்லையென்றாலும் சொல்லலாம். கடன் வாங்கிச் சொல்வதற்குத்தான் சங்கீதங்கள் தரப்பட்டிருக்கின்றன.

இதில் வழக்கமாக நேரும் பிழைகள் இரண்டு. முதலாவது, நேரே ஐந்தாம் வசனத்துக்குத் தாவுவது. முறையிடாமல் துதிக்கத் தொடங்கினால், சொல்லாமல் விட்ட கோபம் உள்ளேயே கிடக்கும். சில வாரங்களில் ஜெபமே வராமல் போகும். இரண்டாவது, தேவனைப் பற்றி எல்லாரிடமும் முறையிட்டுவிட்டு அவரிடம் மட்டும் பேசாமல் இருப்பது. வனாந்தரத்தில் இஸ்ரவேல் முறுமுறுத்ததற்கும் சங்கீதக்காரன் கதறியதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கதறுகிறவன் அவரை நோக்கியே கதறுகிறான். அப்படிக் கதறும்வரை உறவு அறுபடவில்லை.

ஐந்தாம் வசனத்தைச் சொல்லவே முடியாத நாளும் வரும். அன்று 88ஆம் சங்கீதத்துக்குப் போங்கள். அதில் 18 வசனங்கள். வெளிச்சத்தில் முடியாமல், அறிமுகமானவர்களும் மறைந்துபோன நிலையில் அது முடிகிறது. ஆனாலும் முதல் வரியில் கர்த்தரை "என் இரட்சிப்பின் தேவன்" என்றுதான் கூப்பிடுகிறது. அந்த ஒரு கூப்பிடுதலே அன்றைய விசுவாசத்துக்குப் போதும். "கடைசியில் ஒரு துதி வரி இருந்திருக்கலாமே" என்று நமக்குத் தோன்றும். அதை எழுதியவனுக்குத் தோன்றவில்லை. வேதமும் அதை அப்படியே வைத்துக்கொண்டது.

ரோமர் 8ஐத் துண்டாக்காமல் படியுங்கள்

"சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்ற 28ஆம் வசனத்தைத் தனியே பிடுங்கி எடுத்தால் அது ஆறுதலாக இராது, அடியாக விழும். 18 முதல் 39 வரை ஒரே மூச்சில் படியுங்கள். அந்த வசனத்துக்கு முன்னால் மூன்று தவிப்புகள் கேட்கின்றன: சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது (22), நாமும் உள்ளத்தில் தவிக்கிறோம் (23), ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல்செய்கிறார் (26). அதன் பிறகே 28 வருகிறது. அங்கே சொல்லப்படும் நன்மை எது என்பதை 29 சொல்கிறது: குமாரனுடைய சாயல். நடந்த ஒவ்வொன்றும் நல்லது என்று இந்த நிருபத்தை எழுதிய பவுல் சொல்லவில்லை. நல்லதல்லாதவையும் தேவனுடைய கையை மீறிப் போவதில்லை என்கிறார்.

35ஆம் வசனத்தில் ஏழு துன்பங்கள் வரிசையாக நிற்கின்றன: உபத்திரவம், வியாகுலம், துன்பம், பசி, நிர்வாணம், நாசமோசம் (ஆபத்து), பட்டயம் (வாள்). பவுல் இவற்றில் பலவற்றை அனுபவித்தவர். 36இல் அவர் மேற்கோள் காட்டுவது 44ஆம் சங்கீதம். தேவனை மறக்காமல் இருந்தும் நொறுக்கப்பட்டவர்களின் பாட்டு அது. "நான் ஏதோ தவறியதால்தான் இது வந்தது" என்று தானாக முடிவு கட்டுகிறவர்கள் அந்தச் சங்கீதத்தை ஒருமுறையாவது முழுவதும் வாசிக்க வேண்டும்.

பிறகு 38, 39. மரணம், ஜீவன் என்று தொடங்கி "வேறெந்தச் சிருஷ்டியானாலும்" என்பது வரை பத்து இருக்கின்றன. இந்தப் பத்தாவது இடத்தில்தான் உங்கள் வேலை. உங்கள் துன்பத்தின் பெயரை அங்கே எழுதுங்கள்: "என் சிறுநீரகம் செயலிழந்தாலும்", "என் மகன் பேசாமல் போனாலும்", "இந்தக் கடன் தீராமல் போனாலும்". "பிரச்சினைகளானாலும்" என்று பொதுவாக எழுதினால் பயன் இல்லை. பயம் எப்போதும் பெயரோடுதான் வருகிறது. எழுதியபின் "…கிறிஸ்து இயேசுவிலுள்ள தேவனுடைய அன்பைவிட்டு நம்மைப் பிரிக்கமாட்டாது" என்று வாக்கியத்தை முடியுங்கள். துன்பம் கூடினால் வரியும் கூடட்டும்.

உணர்வு வராத வாரங்களில்

நிச்சயம் வேறு, நிச்சயத்தின் உணர்வு வேறு. சீர்திருத்தச் சபைகள் பல ஏற்றுக்கொண்ட, 1646இல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, 18ஆம் அதிகாரத்தில், உண்மையான விசுவாசியின் நிச்சயம்கூடப் பலவிதங்களில் அசைக்கப்படலாம், குறையலாம் என்று ஒத்துக்கொள்கிறது. ஆகவே உணர்வை வரவழைக்கப் பாடுபட வேண்டாம். காய்ச்சல்காரன் நாக்குக்கு உப்பு தெரியாததால் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று ஆகிவிடாது.

77ஆம் சங்கீதம் இதற்கென்றே அமைந்ததுபோல இருக்கும். 7 முதல் 9 வரை ஆறு கேள்விகள், "அவருடைய கிருபை முற்றிலும் அற்றுப்போயிற்றோ?" என்பது அவற்றில் ஒன்று. அதற்குப் பிறகு, அதைப் பாடிய ஆசாப் தன் மனநிலையை ஆராய்வதை விட்டுவிட்டு, தேவன் செங்கடலைப் பிளந்து இஸ்ரவேலை நடத்தியதை நினைக்கிறான். 19ஆம் வசனத்தில் அந்தப் பாதையைப் பற்றியும் "உமது காலடிகள் தெரியப்படாமற்போயிற்று" என்கிறான். கடல் பிளந்த நாளிலேயே காலடி தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாததில் வியப்பில்லை.

இயேசுவின் மரணத்தை நினைவுகூர்ந்து அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தை விட்டுவிடாதீர்கள். "எனக்குத் தகுதி இல்லை, மனம் சரியில்லை" என்று துக்கத்தில் இருப்பவர்கள் விலகி உட்காருவதுண்டு. அவர்களுக்குத்தான் அது மிகவும் தேவை. "உங்களுக்காகக் கொடுக்கப்படுகிற" என்ற சொல் அங்கே காதில் மட்டும் விழுவதில்லை, கையிலும் வாயிலும் வைக்கப்படுகிறது. நடக்க முடியாதவர்கள் போதகரை வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ அழைக்கலாம். பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு வருவார்கள்.

உடம்பையும் கவனியுங்கள். 1 இராஜாக்கள் 19இல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் சாகவேண்டும் என்று கேட்டபோது, தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டான், அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி கொடுத்தான். ஓரேப் மலையில் தேவன் பேசியது அதற்குப் பிறகுதான். தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே ஒருவரிடம் சொல்லி, தனியாக இல்லாமல், மருத்துவ உதவி தேடுங்கள். மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு என்று சொல்பவரிடம் தூதன் கொடுத்த அடையைப் பற்றிக் கேளுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். துன்பம் ஒரு மனிதர் கையால் வருகிறது என்றால், அதாவது வீட்டில் அடிக்கிறார்கள், மிரட்டுகிறார்கள், மானபங்கம் செய்கிறார்கள் என்றால், அதைச் சகித்துக்கொள்வதே சிலுவை சுமப்பது என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். தாவீது சவுல் ராஜாவின் ஈட்டிக்கு விலகி ஓடிப்போனான். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். சங்கீதத்தை அங்கே வாசிக்கலாம்.

துன்பம் உண்மையிலேயே நம் தவறால் வந்திருந்தால்? அறிக்கையிடுங்கள் (1 யோவான் 1:9), திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள், விளைவைச் சுமங்கள். விளைவு தொடர்வதால் மன்னிப்பு கிடைக்கவில்லை என்று எண்ண வேண்டாம். ரோமர் 8:1 அதே அதிகாரத்தின் வாசலில்தான் நிற்கிறது: ஆக்கினைத்தீர்ப்பில்லை.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை (2:13). அதுவரை சரியாகவே செய்தார்கள். வாயைத் திறந்தபிறகுதான் கெட்டது. முடிவில் கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல் மூண்டது (42:7). நீங்கள் போனால் இருபது நிமிடம் உட்காருங்கள். "ரொம்ப கஷ்டமா இருக்கு" என்று அவர்கள் சொன்னால் "ஆமாம்" என்று சொல்லி நிறுத்துங்கள். "தேவன் தாங்கக்கூடியவங்களுக்குத்தான் கொடுப்பார்", "இதைவிடப் பெரிய நன்மை வரும்", "இன்னும் கொஞ்சம் விசுவாசிச்சிருந்தா" ஆகிய மூன்றையும் அறவே தவிருங்கள். மூன்றாவது மிகக் கொடியது. தன் மாம்சத்தில் "முள்" என்று தான் சொன்ன வேதனையை நீக்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்ட பவுலுக்கும் அது நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலே கிடைத்தது (2 கொரிந்தியர் 12:8, 9).

அவர்களால் ஜெபிக்க முடியாவிட்டால், அவர்கள் பெயரைச் சொல்லி நீங்கள் 13ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். அனுமதி கேட்டு வாசியுங்கள். வேண்டாம் என்றால் வீட்டுக்குப் போய் வாசியுங்கள். "எதாவது வேணும்னா சொல்லுங்க" என்று விட்டுவராமல், செய்யப்போவதை நீங்களே சொல்லுங்கள்: செவ்வாய்க்கிழமை பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவருகிறேன், அடுத்த பரிசோதனைக்கு நான் கூட வருகிறேன். முதல் இரண்டு வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும். ஆகவே நாட்காட்டியில் மூன்றாம் மாதத்தையும், இறந்தவரின் பிறந்தநாளையும், ஓராண்டு நாளையும் இப்போதே குறித்துவையுங்கள். அந்த நாட்களில் போன் செய்யுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லியே பேச்சைத் தொடங்குங்கள்.