தட்டு நிரம்பிவிட்டதா? கொஞ்சம் பொறுங்கள்

போன வாரம் புது மாணவர் ஒருவர் வளர்ப்புத் தட்டோடு ஓடி வந்தார். "சார், ஸ்டெம் செல் ஃபுல்லா வளர்ந்துடுச்சு!" எனக்குப் பகீரென்றது. நானும் ஒரு காலத்தில் இப்படி ஓடியவன்தான். கையுறை, லேபிள், பூஞ்சைத் தொற்று பற்றியெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அதை விடுங்கள். நான் சொல்லப்போவது விந்தணு ஸ்டெம் செல், அதாவது விரையில் இருந்து விந்தணுவை உருவாக்கும் மூலச் செல், பற்றிப் புதியவர்கள் செய்யும் தவறுகளை.

வேகமாக வளர்வதெல்லாம் ஸ்டெம் செல் என்று நம்புவது

எலியின் விரையில் 10,000 செல்லுக்கு இரண்டு மூன்று விந்தணு ஸ்டெம் செல் தேறினால் பெரிது. உடன் வரும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசுச் செல்களோ களை மாதிரி. வளர்ப்பு ஊட்டத்தில் சேர்க்கும் சீரத்தைக் குடித்துவிட்டுச் சில வாரத்தில் தட்டையே மூடிவிடும். எலிக்குட்டியின் ஸ்டெம் செல்லை ஜி.டி.என்.எஃப். புரதம் கொடுத்து மாதக்கணக்கில் பெருக்க முடியும் என்று 2003இலேயே காட்டிவிட்டார்கள். மனிதச் செல்லிடம் அதே பக்குவம் எடுபடவில்லை.

இது தெரிந்தும் நான் ஏமாந்தேன். மனித விரைத் திசுவின் செல்களை ஐந்து மாதம் வளர்த்தேன். ஸ்டெம் செல்லைக் காட்டும் அடையாளங்களான மார்க்கர்களில் இரண்டுக்கு மட்டும் பிசிஆர் (மரபணுத் தடயத்தைப் பெருக்கிக் காட்டும் சோதனை) செய்து, அது இருப்பதைக் காட்டும் பட்டை தெரிந்ததும் குதித்தேன். அப்புறம் புசல்ஃபான் மருந்து கொடுத்துச் சொந்தச் செல்களை அழித்த எலிகளின் விரையில் செலுத்தி, இரண்டு மாதம் காத்திருந்து பார்த்தால் குடியேறிப் பெருகிய செல்கூட்டம் (காலனி) ஒன்றுகூட இல்லை. நான் வளர்த்தது முழுக்கக் களை. போன மாதங்களை விடுங்கள், ஒருவர் தானமாகத் தந்த திசு போனதுதான் இன்னும் உறுத்துகிறது.

பெரிய ஆய்வாளர்களுக்கும் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. மனித விரையிலிருந்து எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய செல்லை எடுத்ததாக 2008இல் ஓர் ஆய்வு வந்தது. அந்தச் செல்களின் மரபணுத் தரவு ஃபைப்ரோபிளாஸ்டைப் போல இருக்கிறதே என்று 2010இல் வேறொரு குழு கேட்டது.

ஆகவே பிசிஆர் பட்டையை நம்பிக் கொண்டாடாதீர்கள். சாயமேற்றி, எத்தனை சதவீதச் செல்லில் மார்க்கர் இருக்கிறது என்று எண்ணுங்கள். எலியின் விரைக்குள் செலுத்தினால் செல் குடியேறுகிறதா என்பதுதான் கடைசிச் சோதனை. 1994இல் எலியில் அது வந்ததிலிருந்து அதற்கு மாற்று கிடையாது.

எலி விரையில் மனித விந்தணுவை எதிர்பார்ப்பது

வராது. மனித ஸ்டெம் செல் அங்கே குடியேறும், கொஞ்சம் பெருகும், அதோடு சரி.

ரத்தப் புற்றுநோய்ச் சிறுவனின் திசுவை அப்படியே திருப்பி வைக்கலாம் என்பது

புற்றுச் சிகிச்சை விந்தணு உற்பத்தியை அழிக்கலாம் என்பதால் முன்கூட்டியே விரைத் திசுவை எடுத்துச் சேமிப்பார்கள். அதைத் திருப்பி வைக்கலாம் என்று வாயைத் திறக்காதீர்கள். அதில் புற்றுச் செல் ஒளிந்திருக்கலாம். எலிகளில் வெறும் 20 புற்றுச் செல்லே நோயைக் கடத்தப் போதுமாக இருந்தது.

"குரங்கில் குட்டியே பிறந்தாச்சே" என்பது

பிறந்தது, 2019இல். ஆனால் அது ஸ்டெம் செல் செலுத்திப் பிறந்ததல்ல. பருவமடையாத குரங்கின் விரைத் திசுவை உறையவைத்து, பிறகு அதே குரங்கின் தோலடியில் ஒட்டி வளர்த்தார்கள். அதில் உண்டான விந்தணுவை எடுத்து ஊசியால் முட்டைக்குள் செலுத்தினார்கள். மகனின் திசுவைச் சேமிக்க வந்த பெற்றோரிடம் இரண்டையும் குழப்பிச் சொல்லிவிட்டு, மறுநாள் போன் போட்டுத் திருத்தியிருக்கிறேன்.